சால்வை போர்த்தும் நேரம்

தம்பிக்கு,

நீ எழுதியது நேற்றுக் காலை மண்டிக்கே வந்து சேர்ந்தது. மிளகாய் வத்தல் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்த நேரம். தும்மிக்கொண்டே நின்றபடி படித்தேன். "போகட்டுமா அப்பச்சி?" என்பதுதான் சங்கதி, மற்றதெல்லாம் அதைச் சுற்றிக் கட்டிய சணல். இம்ரே துரைக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு வானொலி வாத்தியக் குழுவை நடத்துகிற பொறுப்புக் கிடைத்திருக்கிறது. செல்லோ என்கிற அந்த ஆளுயரப் பிடிலை வாசிக்கிறவர்கள் வரிசையில் உனக்கு ஒரு நாற்காலி வைத்திருக்கிறார். தை பிறப்பதற்குள் வரச் சொல்கிறார். வீட்டில் மீனாவுக்குச் சம்மதம், என் சம்மதம்தான் பாக்கி. பதிலை நான் தந்தியில் அடித்திருக்கலாம். ஆனால் நீ எனக்கு ஒரே பிள்ளை. ஒன்றுமில்லாமல் கப்பலேறிப் போனவன் திரும்பி வந்து புதுக்கோட்டையில் வைத்த மண்டியை இனிமேல் யார் பார்ப்பது என்று ஊரில் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். அதனால் என் பதிலோடு, அந்தப் பதிலுக்கு நான் வந்து சேர்ந்த வழியையும் எழுதிவிடுகிறேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் வரிசையாகப் படி. பள்ளிக்கூடப் புத்தகத்தைக்கூட நீ பின்னாலிருந்துதான் படிப்பாய்.

உன் மாஸ்டர் இம்ரே துரையை நான் முதலில் பார்த்தது பினாங்கில், நம் கடை வாசலில். இந்தியா சுதந்திரம் வாங்கிய மறு வருடம். யுத்தத்தில் பூட்டிக் கிடந்த கடையைத் திறந்து, உன்னையும் ஊரிலிருந்து கூட்டிவந்து அங்கே பள்ளிக்கூடத்தில் போட்டிருந்தேன். கடற்கரை ஓட்டல் அடுப்படிக்கு வத்தலும் வெங்காயமும் நாம்தான் போட்டுக்கொண்டிருந்தோம். ஒருநாள் நெட்டையான வெள்ளைக்காரர் ஒருவர் வந்து மூட்டை மூட்டையாகக் குனிந்து முகர்ந்து பார்த்தார். போலீசோ என்று எனக்குச் சந்தேகம். பிறகு கையைக் காலை ஆட்டி விளக்கினார்: சிவப்பாக இருக்க வேண்டும், வாசம் இருக்க வேண்டும், காரம் இருக்கக் கூடாது. அவர்கள் ஹங்கேரி தேசத்தில் அப்படி ஒரு மிளகாய்ப் பொடி இல்லாமல் சூப்பே கிடையாதாம். காரம் இல்லாத மிளகாய் கேட்டு என் கடைக்கு வந்த முதல் ஆள் அவர்தான். கடைப் பையன்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கேட்கிற சரக்கு இல்லை என்று சொல்லி ஒருவரை அனுப்பிப் பழக்கமில்லை. தோல் தடித்த நீள வத்தலாகப் பொறுக்கி, காம்பையும் விதையையும் எடுத்துவிட்டு, தோலை மட்டும் காயவைத்து இடித்துக் கொடுத்தேன். விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். அதில் காரம் கொஞ்சம்கூட இல்லை. இருந்தாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர் கதையைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். தலைநகரத்தில் பெரிய வாத்தியக் குழுவில் செல்லோக்காரர்களில் முதல் நாற்காலி அவருக்கு. ஆட்சி மாறியதும் இனி அங்கே மூச்சுவிட முடியாது என்று கண்டு, செல்லோ இருந்த அந்தப் பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர், கடைசியில் பினாங்கு ஓட்டலில் சாப்பாட்டு நேர வாசிப்புக்கு வந்து நின்றிருக்கிறார். நான் சரக்குப் போடப் போகும்போது பின்கட்டில் நின்று பார்த்திருக்கிறேன். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் மீன்முள் எடுப்பதில் மும்முரமாக இருப்பார்கள், ஒருத்தரும் காது கொடுக்க மாட்டார்கள். அவர் மட்டும் ராஜா முன்னால் வாசிப்பதுபோலக் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருப்பார். "இவுகளுக்கு இவ்வளவு எதுக்குத் துரை?" என்று ஒருநாள் கேட்டேன். கடையில் கற்றுக்கொண்ட தமிழில் சொன்னார்: "செட்டியார், ஓட்டலுக்குன்னா நீங்க சொத்தை வத்தலா குடுக்குறீங்க?" அந்தப் பேச்சோடு அவரை எனக்குப் பிடித்துவிட்டது. ஓட்டல் கைமாறி, வாசிப்பெல்லாம் இனி வேண்டாம் என்று அவரை நிறுத்தியபோது, நம் கடைக்கு மேலே சரக்கு வைத்திருந்த கிட்டங்கியில் ஒரு பக்கத்தை ஒழித்துக் கொடுத்தேன். வாடகை கேட்கவில்லை. சும்மா இருக்க அவருக்கு மனசில்லை, உன்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பையனுக்கு இங்கிலீஷாவது வரும் என்றுதான் விட்டேன். உன்னைவிட உயரமான அந்த வாத்தியத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நீ அந்த மிளகாய் நெடியிலே உட்கார்ந்து வாசித்தாய். தும்மல் வந்தால் வில்லை எடுத்துவிட்டுத் தும்மிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்குவாய். கல்லாவில் உட்கார வைத்தால் கால் மணி நேரம் தங்காத பையன். நான் அதைக் கவனித்தேன். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அவர் பிழைப்பை நான் ஒரு வியாபாரியின் கண்ணோடுதான் பார்த்தேன். வாசிக்க மேடை இல்லாமல் போனதும் மனுசன் படுத்துவிடவில்லை. மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு சொந்தமாகப் பாட்டு எழுத ஆரம்பித்தார். எழுதியதை வாசிக்க ஆள் வேண்டுமே. போலீஸ் பேண்டிலிருந்து நாலு பேர், மிஷன் பள்ளிக்கூட வாத்தியார்கள், ஒரு சீனப் பல் வைத்தியர், துறைமுக ஆபீஸ் குமாஸ்தாக்கள் என்று பிடித்து வந்து ஒரு குழுவே சேர்த்துவிட்டார். அவர்களுக்கு முன்னால் கையில் ஒரு குச்சியோடு நின்று நடத்தினார். இத்தனை பேர் சத்தம் போடுகிற இடத்தில் ஒரு சத்தமும் போடாத ஒரே ஆள் அவர்தான். அடடா, இது முதலாளி வேலை அல்லவா என்று எனக்குத் தோன்றியது. மத்தளம்போல ஒன்றை அடிக்கிற போலீஸ்காரர் ஒருவர் ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி தாமதமாக வந்து விழுவார். நானாக இருந்தால் கத்தியிருப்பேன். துரை அடுத்த தடவை அந்த இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அவரைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அடி சரியாக விழுந்தது. நடந்து முடிந்த தப்பைப் பார்த்து முறைத்து என்ன கண்டோம்? அன்று முதல் நம் கடையில் தராசுக்காரனை நான் நிறுத்து முடித்த பிறகு பார்ப்பதில்லை, தட்டில் கை வைக்கும் முன்பே பார்த்துவிடுவேன். நாளைக்கு நீயும் பத்துப் பேருக்கு முன்னால் நிற்கிறவனானால், இதை அவரிடமிருந்தே எடுத்துக்கொள்.

அவர் எழுதிய முதல் பெரிய உருப்படியை மிஷன் மண்டபத்தில் வாசித்தார்கள். நீயும் கடைசி வரிசையில் இருந்தாய். நான் பாதியில் தூங்கிப்போனேன். மறுநாள் அவரிடமே சொன்னேன், மறைத்து என்ன ஆகப் போகிறது. "எந்த எடத்துல தூங்குனீங்க?" என்றார். மெதுவாகப் போகிற இடத்தில் என்றேன். "நல்ல எடம்தான். நானும் எழுதும்போது அங்கனதான் தூங்குனேன்" என்றார்.

பினாங்குக் கடையை முடித்துக்கொண்டு நாம் திரும்பிய பிறகு, உன் கல்யாணத்துக்கு அவர் அங்கிருந்து வந்ததைப் பற்றி ஊரில் இன்னும் பேசுகிறார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கி, காரின் முன் சீட்டில் பெட்டியைச் சாய்த்துவைத்து, பின் சீட்டில் முழங்கால் மூக்கில் இடிக்க உட்கார்ந்து, திருமயம் தாண்டி நம் வீட்டு வாசலில் வந்து இறங்கினாரே, அப்போது நடந்தது உனக்குத் தெரியாது, நீ மாப்பிள்ளைக் கோலத்தில் உள்ளே இருந்தாய். உன் அம்மான் வாசலை மறித்துக்கொண்டு நின்றுவிட்டார். "அத்தான், இது பாக்க என்ன மாதிரி இருக்குன்னு நான் வாயால சொல்ல மாட்டேன். நல்ல காரியம் நடக்குற வீட்டுக்குள்ள இதை வாசல் வழியாக் கொண்டாராதீக. பின்னாடி மாட்டுக் கொட்டகையில வைங்க." அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்தால் எனக்கும் கொஞ்சம் சவப்பெட்டி ஞாபகம்தான் வந்தது. துரைக்கு விவரம் புரியவில்லை, பெட்டியைக் கட்டிக்கொண்டு வெயிலில் நிற்கிறார். உன் ஆத்தா உள்ளேயிருந்து வந்தாள். குங்குமச் சிமிழைத் திறந்தாள். பெட்டியின் நெற்றி எதுவென்று ஒரு நிமிடம் பார்த்து, பூட்டுக்கு மேலே ஒரு பொட்டு வைத்தாள். "இப்ப இது நம்ம வீட்டுச் சாமான். உள்ள கொண்டாங்க. தம்பி நீ தள்ளு, வெயில்ல நிக்கிறாக" என்று உன் அம்மானைக் கையால் விலக்கிவிட்டாள். பொட்டை அவர் அழிக்கவில்லை. இன்றைக்கும் அது பெட்டியில் இருக்கும், போனால் பார்.

சாயங்காலம் முற்றத்தைச் சுற்றிய வளவில் ஜமுக்காளம் விரித்து அவரை வாசிக்க வைத்தோம். முன் வரிசையில் நாயனக்காரர்கள், நடுவில் சம்பந்தி வீட்டார், இரண்டு பக்கமும் ஆச்சிமார். வாசித்தார். நன்றாகத்தான் இருந்தது. சட்டென்று நிறுத்தினார். வில்லை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். சபையில் ஒரு சத்தம் இல்லை. கடல் தாண்டி வந்த மனுசன் வாசித்து முடித்திருக்கிறார், ஒருத்தருக்கும் பாராட்டத் தெரியவில்லை, கல்யாண வீட்டு மானம் போகிறது என்று நினைத்து, தாம்பாளத்தில் வைத்திருந்த பட்டுச் சால்வையை எடுத்துக்கொண்டு போய் அவர் தோளில் போர்த்திவிட்டேன். கைதட்டு வளவைப் பிளந்தது. நீ ஜமுக்காளத்துக்குப் பக்கத்திலிருந்து கண்ணால் என்னவோ ஜாடை காட்டினாய், நான் அதைச் சந்தோசம் என்று எடுத்துக்கொண்டேன். துரை தலையைச் சாய்த்துக் கும்பிட்டுவிட்டு, சால்வையின் ஒரு முனையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு மறுபடி வாசிக்க ஆரம்பித்தார். அதுவும் ஒரு இடத்தில் நின்றது. நான் போர்த்திய பிறகு உன் மாமனார் சும்மா இருப்பாரா? அவர் என்னுடையதைவிட அகலச் சரிகை போட்ட ஒன்றை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். மூன்றாவது தடவை நின்றபோது, காலையில் வாசலை மறித்த உன் அம்மான் ரோஜா மாலையோடு ஓடினார். வைகாசி வெயில் கல்தூணில் ஏறி இருக்கிற நேரம். இரண்டு பட்டும் ஒரு மாலையும் சுமந்துகொண்டு, மூக்கு நுனியில் வேர்வை சொட்ட, துரை என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "செட்டியார், இன்னும் ஒரு பகுதி பாக்கி இருக்கு. சால்வை பாக்கி இருக்கா?"

ஆச்சிமார் சிரித்த சிரிப்பில் தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் விழித்துக்கொண்டன. நாலு பகுதியும் சேர்ந்தால்தான் ஒரு உருப்படி, நடுவில் நிற்பது முடிவில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நாயனம் வாசித்தால் நடுவிலேயே போர்த்தித்தானே நமக்குப் பழக்கம்.

ராத்திரிப் பந்தியில் அவர் இலைக்கு நானே நெய் விட்டேன். எல்லோர் காதிலும் விழத்தான் அவர் கேட்டார். "பையனை என்கூட அனுப்புங்க. நான் எங்க ஒரு நல்ல குழு நடத்துறேனோ அங்க." பந்தியில் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. நீ எதிர்ப் பந்தியில் தலையைக் குனிந்துகொண்டாய். நெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். "மொதல்ல வேறு வைக்கணும் துரை. ஒரு வருசம் அவன் அடுப்பு எரியுதான்னு பாப்போம்" என்றேன். அவருக்கு உன் ஆத்தாதான் விளக்கினாள்: கல்யாணமான பிள்ளையை நாங்கள் தனி அடுப்பு வைத்துக் கொடுத்து, வருசத்துக்கு அரிசி பருப்பு வத்தல் புளி எல்லாம் அளந்து கொடுத்துத் தனியாக ஆக்கித் தின்னச் சொல்லிவிடுவோம், ஒரே வீடுதான், ஆனாலும் அவன் தனிக் குடும்பம், தனிப் புள்ளி, நல்லது கெட்டது அவன் பாடு. துரை கேட்டுவிட்டு, "எங்க ஊர்ல அரசாங்கம் என்னை வேறு வச்சிருச்சு. அரிசி குடுக்கலை" என்றார்.

அந்த அடுப்பை நான் மெட்ராசில் வைத்தேன். நீ சினிமாப் பாட்டுகளுக்கு வாசித்து உன் குடித்தனத்தை ஓட்டு, பார்ப்போம் என்றேன். உன் அம்மான் சண்டைக்கே வந்தார். "ரெண்டாங்கட்டுல வைக்கிற அடுப்பைக் கொண்டுபோய் மெட்ராசுல வைப்பீகளா? எங்கயாச்சும் கேட்டிருக்கா?" என்றார். அடுப்பு பிரிந்தது பிரிந்ததுதானே, நடுவில் ஒரு சுவர் இருந்தால் என்ன, ஒரு ரயில் இருந்தால் என்ன என்று சொல்லி வாயை அடைத்தேன். மனசுக்குள் வேறு கணக்கு இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதத்தில் மெட்ராஸ் வாழ்க்கை கசந்து மண்டிக்கு வந்துவிடுவாய் என்றுதான் நினைத்தேன்.

நீ வரவில்லை. போன மாதம் நான்தான் அங்கே வந்தேன். மயிலாப்பூர்ச் சந்தில் உன் வீட்டில் இலை போட்டு மீனா பரிமாறினாள். கூட்டில் உப்பு கொஞ்சம் தூக்கல், மற்றபடி நல்ல சமையல். வத்தல் தீர்ந்துவிட்டதா, அனுப்பட்டுமா என்று கேட்டேன். "பாதி அப்படியே கெடக்கு மாமா. இவுக தொரைகிட்ட வளந்தவுகல்ல, காரமே ஆக மாட்டேங்குது" என்றாள். நீ ரிக்கார்டிங்குக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவளிடம் நேராகவே கேட்டேன். "அந்த ஊரு எப்புடி இருக்கும்னு ஒனக்குத் தெரியுமா ஆத்தா?" தெரியாது என்று தலையாட்டினாள். "மெட்ராசும் தெரியாமத்தான மாமா வந்தேன். இப்ப மீன்காரிகூட என்னைய ஏமாத்த முடியாது." இப்படிப்பட்ட பெண்ணைக் கட்டியிருக்கிறாய். வீட்டுக்கு நேரத்தோடு வந்து அவளோடு உட்கார்ந்து சாப்பிடு. உன் ஆத்தாவும் நானும் கடலுக்கு அங்கிட்டும் இங்கிட்டுமாகக் குடும்பம் நடத்தினோம். அது பிழைப்புக்காக. உனக்கு அந்த அவசியம் இல்லை. கடல் தாண்டுவதானால் அவளோடுதான் தாண்ட வேண்டும். இதில் நான் பேரம் பேச மாட்டேன்.

மறுநாள் எழும்பூரில் அந்தச் சின்ன மண்டபத்தில் நீ வாசித்தாய். துரை நம் கிட்டங்கியில் எழுதிய அதே உருப்படி, நான் தூங்கிப்போனது, உனக்காகத் தனி வாசிப்புக்கு மாற்றிக் கொடுத்திருந்தார். இந்தத் தடவை நான் தூங்கவில்லை. முதல் பகுதி முடிந்தது. நீ வில்லை உயர்த்திப் பிடித்தாய். மண்டபம் அமைதியாயிற்று. எனக்குப் பக்கத்தில் இருந்த மண்டபத்துக் காரியதரிசி ரோஜா மாலையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். "உக்காருங்க சார். இன்னும் மூணு பாக்கி." "உங்களுக்கெப்படித் தெரியும்?" என்றார். "சால்வை போர்த்தித் தெரிஞ்சுக்கிட்டேன்" என்றேன்.

அப்போதுதான் உன்னைப் பார்த்தேன். கல்லாவில் நீ உட்கார்ந்திருந்த நாளெல்லாம் உன் கண் வாசலிலேயே இருக்கும், எப்போது யார் வந்து என்னை விடுவிப்பார்கள் என்பதுபோல. அன்றைக்கு அந்த மேடையில் அத்தனை பேர் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்க, நீ எங்கேயும் பார்க்கவில்லை. அடுத்தது எப்போது தொடங்க வேண்டும் என்பது உன் கையில் இருந்தது, நீ அவசரப்படவில்லை. அது சொந்தக் கடை வைத்திருக்கிறவனுடைய உட்கார்வு. எனக்கு அது நன்றாகத் தெரியும். நான் அப்படி உட்கார இருபது வருடம் ஆயிற்று.

ஆகவே போ. மீனாவையும் கூட்டிக்கொண்டு போ. மண்டியைப் பற்றிக் கவலைப்படாதே. உனக்காகத்தான் வைத்தேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தது உண்மைதான், நிசத்தில் எனக்குப் பிடித்துத்தான் வைத்தேன். காலையில் அந்த நெடி மூக்கில் ஏறாவிட்டால் எனக்குப் பொழுது விடியாது. முடிகிற வரைக்கும் நடத்துவேன், முடியாதபோது நல்ல விலைக்கு விற்றுவிட்டு உன் ஆத்தாவோடு உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் அம்மானிடமும் சொல்லிவிட்டேன். "ரயிலுன்னீக, இப்பக் கப்பலா?" என்று கேட்டுவிட்டு, கப்பலில் வாந்தி வந்தால் வாயில் போட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு ஜாடி கொடுத்துவிட்டார்.

இத்துடன் ஒரு பார்சல் வரும். விதை எடுத்து இடித்த பொடி ஒரு டின், அது துரைக்கு. அடியில் ஒரு பட்டுச் சால்வை இருக்கும், அதுவும் அவருக்குத்தான். அங்கே உன்னையும் வைத்துக்கொண்டு அவர் நடத்துகிற முதல் நாளில் என் பெயரைச் சொல்லி நீ போர்த்து. எல்லாப் பகுதியும் முடிந்து, அவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டுச் சபையைப் பார்த்துத் திரும்பி நின்ற பிறகு போர்த்து.

நீங்கள் கிளம்பிய பிறகு இங்கே வீடு கொஞ்ச நாள் சத்தமில்லாமல் கிடக்கும். உன் ஆத்தா எழுதச் சொல்வதில் வருத்தம் தெரியும், என் எழுத்தும் சில சமயம் சுருங்கிப் போகும். அதைப் பார்த்துவிட்டு, ஐயோ என்று நீ மாலையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிடாதே. நாங்கள் வில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று வைத்துக்கொள். எங்களுக்கும் இன்னும் பாக்கி இருக்கிறது.

உன் அப்பச்சி